துப்புகிறவள்

முதல்ல துப்பணும், அப்புறம்தான் கோபப்படணும். வாயில ஒயினை வெச்சுக்கிட்டுக் கோபப்பட்டா தொண்டை தன்னால முழுங்கிடும். இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு தடவைகூட அப்படி ஆனதில்லை, இன்னிக்குன்னு பார்த்து ஆகவும் வேணாம். துப்பினேன். நூல் பிடிச்ச மாதிரி போய் ஸ்டீல் பக்கெட் நடுவுல விழுந்துச்சு, ஓரத்துல ஒரு சொட்டு இல்லை. எதிர்ல உட்கார்ந்திருக்கிற ரங்கபாஷ்யம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். பெரிய மனுஷன், ஒயின் க்ளப்புக்குச் செயலாளர், இந்த ஹோட்டல்ல எப்ப எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. அவர் துப்ப மாட்டார். ஊத்துறது எல்லாம் உள்ளதான் போகும். அதுக்குப் பேர் ரசனை. தலை கிறங்காம ருசி சொல்லணும்னு நான் துப்புறது அசிங்கம். இருக்கட்டும் சாமி, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க, அப்புறம் நான் துப்புறதை நீங்க பார்க்க வேண்டியிருக்காது, யாருமே பார்க்க வேண்டியிருக்காது. எந்த ஒயின் இந்த ஹோட்டல் மெனுவுல ஏறணும்னு சொல்லிக்கிட்டிருந்த நாக்கு, பூங்கோதையோட நாக்கு, இன்னிக்கு மத்தியானத்தோட வேலையை விடுது. காலையில வந்ததுமே சாக்கோ சார்கிட்ட சொல்லிட்டேன், டேஸ்டிங் முடிஞ்சதும் உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும் சார்னு. சென்னையில இந்த ஹோட்டலுக்குச் சாப்பாடு, பானம் எல்லாத்துக்கும் அவர்தான் பெரிய தலை, கோட்டயத்துக்காரர், நல்ல மனுஷன். "என்ன கோதை, சம்பளமா?"ன்னு சிரிச்சார். இல்லை சார், அப்புறம் சொல்றேன்னுட்டு வந்து உட்கார்ந்தேன். ஏன் அப்பவே சொல்லித் தொலைக்கலை? கடைசியா ஒரு தடவை இந்த ஆறு கிளாஸையும் பார்த்துடணும்னு ஒரு அல்ப ஆசை. ஆறும் ஒரே திராட்சை. இத்தாலியில வடக்கே பியட்மான்ட்னு ஒரு மலைச்சீமை, அங்க விளையற நெபியோலோ. வேற வேற தோட்டம், வேற வேற வருஷம், ஆனா ஒரே ரத்தம். ஆறுல ஒண்ணைத்தான் ஹோட்டல் வாங்கப்போகுது, எதுன்னு நான் சொல்லணும், சொல்லிட்டுக் கையை நல்லாக் கழுவிட்டு வீட்டுக்குப் போகணும்.

முதல் கிளாஸ் வாயைத் திறக்கவே இல்லை. மூக்கை விட்டுக் கெஞ்சினாலும் உம்முனு இருக்கு. இதோட குணமே இதுதான், நெபியோலோவை வளர்க்கிறதைப் போல ஒரு தலைவலி கிடையாதும்பாங்க. மத்த திராட்சை எல்லாம் தூங்கிக்கிட்டிருக்கறப்ப இது துளிர்த்துடும், மத்ததை எல்லாம் பறிச்சு முடிச்சு ஊரே ஓய்ஞ்சதுக்கப்புறம்தான் பழுக்கும். நடுவுல ஒரு ஆலங்கட்டி மழை பெய்ஞ்சா அவ்வளவுதான். வெயில் பார்த்த சரிவுதான் வேணும், பக்கத்துச் சரிவுல நட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். வேற வேற நாட்டுல கொண்டுபோய் வெச்சுப் பார்த்தவங்கள்ல முக்காவாசிப் பேர் கையை உதறிட்டாங்க. தோல் மெல்லிசு, நிறம் வெளுப்பு, கிளாஸுக்குப் பின்னாடி விரலை வெச்சா ரேகை தெரியும். அய்யோ பாவம் சாதுன்னு நெனச்சு ஒரு வாய் எடுத்தா, பல்லு ஈறு கன்னம் எல்லாத்தையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு. மேசைத் தலைமாட்டுல உட்கார்ந்திருக்கிற ஜாக்கொமோ, அந்த மலையில மூணு தலைமுறையா இதே வேலை பார்க்கிற கிழவர், தன்னோட ஓட்டை இங்கிலீஷ்ல கையை ஆட்டி ஆட்டிச் சொல்றார், இவ ரொம்பக் கறாரு, ரொம்பக் கோபம், இளசுல பக்கத்துல போக முடியாது, நீங்கதான் காத்திருக்கணும், காத்திருந்தா சொர்க்கம்னு. உடனே ரங்கபாஷ்யம் கண்ணை மூடிக்கிட்டு, "ஆகா, ஒரு கஷ்டமான பொம்பளை மாதிரி. ஆனா அழகி!"ங்கறார். எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஏன்யா, திராட்சை பிடிவாதம் பிடிச்சா அது குலப்பெருமை, அதுக்கு மலைச்சரிவைத் தேடிக் குடுப்பீங்க, பத்து வருஷம் இருட்டுல வெச்சுக் காத்திருப்பீங்க. உங்க வீட்டுல ஒருத்தி இப்படி முறைச்சா ஒரு வேளைச் சாப்பாடு வரைக்கும் பொறுப்பீங்களா? என்னை யாரு பொறுத்தாங்க? வாயாடி, திமிரு பிடிச்சவ, புருஷன் போனதும் தலை கால் தெரியலைன்னு சொன்ன வாயை எல்லாம் எனக்குத் தெரியும். என் பொண்ணு சிந்துஜா யுகேஜி படிக்கறப்ப அவர் போய்ச் சேர்ந்தார். அந்தப் பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் இதே ஹோட்டல்ல மேசை துடைக்கிற வேலைக்கு வந்தேன், பாட்டில் மூடியை மோந்து பார்த்தே இது கெட்டுப்போச்சுன்னு ஒரு நாள் சொன்னேன், அது சரியா இருந்துச்சு, அப்புறம்தான் கம்பெனி ஒயினைப் பத்திப் படிக்க அனுப்புச்சு. யாரோட பிச்சையும் இல்லை. எழுதணும், முதல் கிளாஸுக்கு ஏதாவது எழுதணும். "இன்னும் திறக்கலை"ன்னு எழுதினேன். பேனா பேப்பரைக் கிழிச்சிடுச்சு.

ரெண்டாவதுல ரோஜா வருது. கடை ரோஜா இல்லை, மாலையில கட்டி மறுநாள் வாடின பன்னீர் ரோஜா, அதுக்கடியில புதுசா போட்ட தார் ரோட்டு வாசனை. கல்யாண மண்டபத்து வாசல்ல ரோடு போட்டா எப்படி இருக்கும், அது. கல்யாணம். வந்துட்டுது பாரு, எங்க சுத்தினாலும் அங்கதான் வந்து நிக்குது. சிந்துவும் பரத்தும் ஒரே ஆபீஸ், ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு, பையன் வீடு திருச்சி, மருந்துக்கடை வெச்சிருக்காங்க, மரியாதையான மனுஷங்க. வந்தாங்க, பார்த்தாங்க, வெத்திலை பாக்கு மாத்தியாச்சு. அதுக்கப்புறம் பேச்சு எல்லாம் எங்க தணிகை அண்ணன் வழியாத்தான். அதுதான் முறை. தாய்மாமன் இருக்கறப்ப பொம்பளைங்க நேராப் போன் பண்ணிப் பேசிக்கிட்டா நல்லாவா இருக்கும்? மண்டபம், சமையல்காரர், எத்தனை பேர், எல்லாம் அங்கிருந்து அண்ணனுக்கு வரும், அண்ணன்கிட்டேயிருந்து எனக்கு வரும். அப்படித்தான் இதுவும் வந்துச்சு. சோபாவுல உட்கார்ந்து, நான் குடுத்த காபியைக் கையிலேயே வெச்சுக்கிட்டு, தரையைப் பார்த்து, குரலை இறக்கிச் சொன்னான். "கோதை, அவங்க வெளிப்படையாச் சொல்லலை. ஆனா ஒரு மாதிரி நினைக்கறாங்க. சம்பந்தியம்மா என்ன பண்றாங்கன்னு சொந்தக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றது? ஒயின்ஷாப்புன்னா சொல்றது? கல்யாணத்துக்கு முன்னாடி நீ அதை விட்டுட்டா எல்லாருக்கும் நல்லது. நீ கஷ்டப்பட்டது போதும்மா, நான் இருக்கேன்ல." ஒயின்ஷாப்பாம். டாஸ்மாக் கம்பி வழியா கையை விட்டுக் குவார்ட்டர் குடுக்கற ஆளா நான்? கேட்டேன். கேட்டேனா? இல்லை, கேக்கலை, வாயில வந்துச்சு, முழுங்கிட்டேன். ஒயினை முழுங்காத நான் அதை முழுங்கிட்டேன். ஏன்னா பக்கத்து ரூம்ல கதவு திறந்திருந்துச்சு, சிந்து உள்ள இருந்தா, அவ வெளிய வந்து, மாமா என்ன பேசறீங்க, எங்கம்மா ஏன் விடணும்னு ஒரு வார்த்தை கேப்பான்னு நான் காத்திருந்தேன். வரலை. அண்ணன் போனதுக்கப்புறம் நானே போய், "வேலையை விட்டுடலாமான்னு பார்க்கறேன் சிந்து"ன்னேன். அவ மொபைல்லேருந்து தலையைத் தூக்காம, "உன் இஷ்டம்மா"ன்னா.

உன் இஷ்டம்மா. ராத்திரி எல்லாம் அதையே மென்னுக்கிட்டிருக்கேன். என்னடி என் இஷ்டம்? என் இஷ்டம் என்னன்னு உனக்குத் தெரியாதா? பெத்தவ சாராய வாசனையோட வீட்டுக்கு வரான்னு ஒரு நாளாவது நீ சொல்லியிருக்கியா, இல்லை நான்தான் வந்திருக்கேனா? சின்னதுல எப்படி இருந்தா. பாத்ரூம் கண்ணாடிக்கு முன்னாடி நானும் அவளும் நிப்போம், ஆளுக்கொரு டம்ளர் தண்ணி, கீழே பக்கெட். உதட்டைக் குவி, கன்னத்தை உள்ள இழு, நாக்கைத் தட்டையா வை, இப்ப தள்ளு. முதல்ல எல்லாம் தாடையில வழியும், சட்டை நனையும், கெக்கேபிக்கேன்னு சிரிப்பா. அப்புறம் பழகிட்டா. என்னைவிட நல்லாத் துப்புவா, வாசப்படியில நின்னு வாளியில விழ வைப்பா. ஸ்கூல்ல ப்ரெண்ட்ஸுக்குக் காட்டி, டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "என்ன மேடம் பிள்ளைக்கு இதெல்லாம் கத்துக் குடுக்கறீங்க"ன்னு கேட்டப்ப, வெளிய வந்து ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். அந்தப் பிள்ளைதான் இப்ப உன் இஷ்டம்மாங்குது. வெட்கம். என்னைச் சொல்லிக்க வெட்கம். சரி, சொல்லிக்க வேணாம் போ. உனக்கு அந்தப் பையன் வேணும், அவனைப் பத்திப் பேசறப்ப உன் முகம் எப்படி ஆகுதுன்னு நான் பார்த்தேன், அதுக்கு முன்னாடி என் நாக்கு என்ன பெருசு, வெட்டிப் போட்டுட்டுப் போறேன். ஆனா வலிக்கும்டி. வலிக்காதுன்னு யாரும் நினைச்சுக்காதீங்க. பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்க்கறார், கிளாஸை ரொம்ப வேகமாச் சுத்திட்டேன் போல, மேசை விரிப்புல ஒரு பொட்டு சிந்தியிருக்கு.

மூணாவது சுத்தம். சுத்தம்னா, கழுவி விட்டாச்சுன்னு அர்த்தம். புது மரப்பீப்பாயில போட்டு, முரட்டுத்தனத்தை எல்லாம் தேய்ச்சு எடுத்து, கேக் கடை மாதிரி வெனிலா வாசனை ஏத்தி, யார் வேணா குடிக்கலாம்ங்கற மாதிரி ஆக்கி வெச்சிருக்காங்க. துவர்ப்பு இருக்கா? இருக்கு, மன்னிப்பு கேட்டுக்கிட்டு ஓரமா நிக்குது. ரங்கபாஷ்யம் உருகறார், "இதுதான், இதுதான், எவ்வளவு பதவிசு!"ங்கறார். ஜாக்கொமோ கிழவர் வாயை ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு ஜன்னலைப் பார்க்கறார். எனக்குத் தெரியும் கிழவரே, உமக்கும் இது பிடிக்கலை. இதைத்தான் என்னையும் ஆகச் சொல்றாங்க. சம்பந்தியம்மா. பட்டுப்புடவை, அமைதியான சிரிப்பு, என்ன வேலைன்னு கேட்டா, சும்மா வீட்டுலதாங்க. துப்பினேன், கொஞ்சம் சத்தமாவே துப்பினேன். துவர்ப்புன்னா என்னன்னு எனக்கு யாரும் கிளாஸ் எடுக்கலை. நான் ஆம்பூர்க்காரி. எங்கப்பா தோல் கம்பெனியில வேலை பார்த்தவர். பச்சைத் தோலைத் தொட்டியில போட்டு, மரப்பட்டைச் சாறு ஊத்தி ஊற வைப்பாங்க, அந்தப் பட்டையில இருக்கறதும் இதே துவர்ப்புதான், அதுதான் அழுகுற தோலைப் பிடிச்சு இழுத்து, முறுக்கி, அழுகாம நிக்க வைக்கும். படிக்கப் போன இடத்துல வெள்ளைக்காரர் இதைப் பெரிய ரகசியம் மாதிரி போர்டுல எழுதிச் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க வீட்டுக் கொடியில தொங்கின சட்டையே அந்த வாசனைதான். அந்த வாசனையோட இன்னொண்ணும் வரும். அதைச் சொல்ல வேணாம். சொன்னா என்ன? குடி. அப்பா குடிச்சார். சம்பளத்தன்னிக்கு மட்டும்னு ஆரம்பிச்சது, அப்புறம் சம்பளமே அதுக்குன்னு ஆயிடுச்சு. ரயில்வே கேட் பக்கத்துல சாராயக்கடை, அங்கிருந்து அவரைத் தூக்கிட்டு வர்றது தணிகை அண்ணன் வேலை. அண்ணன் அப்ப ஸ்கூல் படிக்கிற பையன், தோள்ல அப்பா கையைப் போட்டு இழுத்துக்கிட்டு வருவான், தெருவே பார்க்கும். ஒரு தடவை அவன் யூனிபார்ம் சட்டை மேலேயே அப்பா வாந்தி எடுத்துட்டார், மறுநாள் அது காயலை, ஈரச் சட்டையோட பரீட்சைக்குப் போனான். அழலை. அன்னிக்கிருந்து அவன் எந்தக் கல்யாணத்துலயும் கூல்டிரிங்க்ஸைக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் குடிப்பான். அவனை எப்படித் திட்டுவேன்? சிந்துவுக்குக் காது குத்தினது அவன் மடியில. ஸ்கூல் பீஸ், ஆஸ்பத்திரி, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு நான் வர்ற வரைக்கும் பஸ் ஸ்டாப்புல நின்னவன். தூது வந்தவனை என்ன சொல்றது? சொன்னவங்களைச் சொல்லணும். அந்தத் திருச்சி அம்மாவை, பரத்தைப் பெத்தவங்களைச் சொல்லணும். அமுதவல்லி. பேரைப் பாரு. வந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு இனிமையாப் பேசினாங்க, உள்ள இதை வெச்சுக்கிட்டா?

போன் அதிருது. மேசைல குப்புறக் கவுத்து வெச்சிருந்தேன், அதிர்ந்து அதிர்ந்து தானே நகர்ந்து பக்கெட்ல முட்டுது. அண்ணனாத்தான் இருக்கும். சொல்லிட்டியா, சாக்கோகிட்ட சொல்லிட்டியான்னு. காலையிலேருந்து இதே பாட்டு. அடிக்கட்டும். நாலாவது கிளாஸ். அப்பாடி. இது யாரு வளர்த்த பிள்ளை? மூக்குல வர்றதுக்கு முன்னாடியே நெத்தியில அடிக்குது. தார், காய்ஞ்ச நார்த்தங்காய், இரும்பு, எங்கேயோ அடியில செர்ரிப்பழம், கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்கு. வாயில போட்டதும் நாக்கு சுருண்டுடுச்சு. பச்சை வாழைப்பூவை மென்ன மாதிரி, நடு நாக்குலேருந்து தொண்டை வரைக்கும் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது. துப்பினதுக்கப்புறமும் விடலை. ரங்கபாஷ்யம் முகத்தைச் சுளிச்சு, தண்ணியைக் குடிச்சு, "இதெல்லாம் யாரு வாங்குவா சாக்கோ? கோபம், கோபம், வெறும் கோபம்!"ங்கறார். வெறும் கோபமா? யோவ், உன் நாக்கு முழுங்கறதுக்கு மட்டும்தான் இருக்கு. கொஞ்சம் நில்லு. நிதானமா உள்ள பாரு. கோபத்துக்கு அடியில பழம் இருக்கு, அது கெடலை, அதைக் கெடாம வெச்சிருக்கறதே அந்தக் கோபம்தான். கோபம் ஒரு நாள் இறங்கும், அப்ப அந்தப் பழம் நிக்கும். மூணாவது கிளாஸ்ல இறங்கறதுக்கு ஒண்ணுமில்லை, நிக்கறதுக்கும் ஒண்ணுமில்லை. திரும்ப அதிருது போன். திரும்ப. சாக்கோ சார் பார்வையாலேயே, எடுங்க கோதைங்கறார். எடுத்துப் பார்த்தா அண்ணன் இல்லை, தெரியாத நம்பர். கிளாஸை வெச்சுட்டு, வெளிய வராந்தாவுக்கு வந்தேன். வெயில் கண்ணாடியில அடிச்சுக் கண்ணு கூசுது.

"சம்பந்தியம்மாங்களா? நான் அமுதவல்லி பேசறேங்க, திருச்சியிலேருந்து." நாக்கு இன்னும் அந்த நாலாவது கிளாஸோட பிடியில இருந்துச்சு. "முறைப்படி பார்த்தா நான் இப்படி நேராக் கூப்பிடக்கூடாது, உங்க அண்ணன் தப்பா எடுத்துக்கப்போறாரு. ஆனா மனசு கேக்கலைங்க. உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதுங்களா?" உடம்புக்கா, எனக்கு என்ன உடம்புக்குன்னேன். "இல்லைங்க, வேலையை விடறீங்கன்னு உங்க அண்ணன் சொன்னாரு. ஏன்னு கேட்டேன், மழுப்பினாரு. நாங்க மருந்துக்கடை வெச்சிருக்கவங்க, எங்களுக்குப் புத்தி அங்கதான் போவும். நாக்குல ஏதும் புண்ணு கிண்ணு, டாக்டரு ஏதும் சொல்லி, நீங்க வெளிய சொல்லாம இருக்கீங்களோன்னு ராத்திரி தூக்கமே வரலை." அப்படியே சுவத்துல சாஞ்சேன். "ஏங்க, நீங்கதானே விடச் சொன்னீங்க?"ன்னேன். பட்டுன்னு கேட்டுட்டேன், சம்பந்தி மரியாதை எல்லாம் பறந்துபோச்சு. "நாங்களா? யாருங்க சொன்னது? ஆத்தாடி! எங்க வீட்டுல உங்களைப் பத்திப் பேசாத ஆளு இல்லைங்க. முதல் தடவை வந்தப்பவே உங்க பொண்ணு எங்க வாஷ்பேசின்ல நின்னு தண்ணியைத் துப்பிக் காட்டுச்சு, எங்கம்மா இப்படித்தான் துப்புவாங்க, ஒரு சொட்டு முழுங்க மாட்டாங்கன்னு. நூல் பிடிச்ச மாதிரி! எங்க வீட்டுக்காரரு அன்னிக்கிருந்து தினம் பல்லு விளக்கறப்ப முயற்சி பண்ணிப் பார்க்கறாரு, சட்டையெல்லாம் ஈரம்." சிரிச்சாங்க, அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. "நேத்து சிந்துகிட்டயும் கேட்டேங்க. அது அழுதிடுச்சு. அம்மாவுக்கே இந்த வேலை கூச்சமா இருக்கு, அவளே விடறேன்னு சொல்றா, நீ கிளறாதே, சங்கடப்படுவான்னு உங்க அண்ணன் முன்னாடியே அதுகிட்ட சொல்லியிருக்காரு. எங்கம்மாவுக்கு எப்பத்திலேருந்து கூச்சம் அத்தை, என்கிட்டகூட ஏன் சொல்லலைன்னு கேட்டு அழுதுச்சு."

போனை வெச்சதுக்கப்புறம் எவ்வளவு நேரம் அங்க நின்னேன்னு தெரியலை. துணி வண்டியைத் தள்ளிக்கிட்டு ஒரு பொண்ணு கடந்து போச்சு, குட் ஆப்டர்நூன் மேடம்னுச்சு, நான் தலையை ஆட்டினேன். அடப்பாவி. அடப்பாவி அண்ணா. அன்னிக்கு நீ குரலை இறக்கினது சிந்து காதுல விழக்கூடாதுன்னுதானா? அவ அழுதிருக்கா. பக்கத்து ரூம்ல கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு அவளும் காத்திருந்திருக்கா, நான் ஏதாவது சொல்வேன்னு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து மென்னுக்கிட்டிருந்திருக்கோம், நடுவுல நீ உட்கார்ந்து காபி குடிச்சிருக்கே. எங்கிட்ட அவங்க பேரைச் சொல்லி, அவங்ககிட்ட என் பேரைச் சொல்லி, என் பிள்ளைகிட்ட என் வெட்கத்தைச் சொல்லி. என் வெட்கமா அது? உன் வெட்கம்! இப்பவே கூப்பிட்டு, சீரும் வேணாம், சிறப்பும் வேணாம், என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு சொல்லிடணும்னு வருது, கத்தணும்னு வருது, இந்தக் கண்ணாடி உடையற மாதிரி கத்தணும். அந்த ஈர யூனிபார்ம் சட்டை கண்ணுல வந்து நிக்குது. வந்து நிக்கட்டும், அதுக்காக? அந்த ஈரச் சட்டையை நீ இன்னும் கழட்டலைன்னா அதை நான் உடுத்திக்கணுமா? அப்பா தள்ளாடினதுக்கு நான் வேலையை விடணுமா? உள்ள போனேன். அஞ்சாவது, ஆறாவது கிளாஸ் ஊத்தி வெச்சிருந்தாங்க. அஞ்சாவது நல்லாத்தான் இருந்துச்சு, எனக்கு ஞாபகம் இல்லை. ஆறாவது பழசு, ரொம்ப வருஷம் இருட்டுல கிடந்தது, ஓரமெல்லாம் செங்கல் நிறம். மோந்தேன். தோல். பதம் பண்ணின தோல், கொடியில தொங்கின சட்டை, எங்கப்பா. சாராய வாசனை சேராத எங்கப்பா, எனக்கு அப்படி ஒரு ஆளைத் தெரியவே தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. வாயில எடுத்தேன். முழுங்கிடலாமான்னு இருந்துச்சு. இத்தனை வருஷத்துல முதல் தடவையா, தொண்டை தயாராத் திறந்துக்கிட்டு, முழுங்கேன், யாரு கேக்கப்போறாங்கன்னுச்சு. ரங்கபாஷ்யம் பார்த்துக்கிட்டே இருந்தார். துப்பினேன். நேராப் போய் நடுவுல விழுந்துச்சு.

"கோதை, எது?"ன்னார் சாக்கோ சார். கடைசி தடவைக்குன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த வாக்கியம் எல்லாம் எங்கேயோ போயிருந்துச்சு. முதல் கிளாஸை எடுத்து மறுபடியும் மோந்து பார்த்தேன், காலையில உம்முனு இருந்தது இப்ப லேசா வாயைத் திறந்து ரோஜாங்குது, நல்லதுதான், ஆனா அது இல்லை. "நாலாவது சார்"னேன். ரங்கபாஷ்யம் கையைத் தூக்கினார், "அதுவா? அதைக் குடிக்கவே முடியாதேம்மா!" "குடிக்க வேணாம் சார். வாங்கி வையுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க, நானே ஊத்தறேன்"னேன். ஜாக்கொமோ கிழவருக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்லவும், மேசையை உள்ளங்கையால ஓங்கித் தட்டினார், கிளாஸெல்லாம் ஆடுச்சு. சாக்கோ சார் எழுதிக்கிட்டார். எல்லாரும் எழுந்து போனதுக்கப்புறம், "என்னவோ பேசணும்னீங்களே கோதை?"ன்னார். அஞ்சு வருஷம்னு சொல்லிட்டேனே சார், அதுதான்னேன். அவருக்குப் புரியலை, சிரிச்சுட்டுப் போயிட்டார். போன் அதிர்ந்துச்சு. இப்ப அண்ணன்தான்.

"சொல்லிட்டியா?"ன்னான்.

"சொல்லிட்டேண்ணா."

"நல்லது. கஷ்டமாத்தான் இருக்கும். என்ன சொன்னாரு?"

"நாலாவதை வாங்கறேன்னாரு." அவன் என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடி சொன்னேன், "அமுதவல்லியம்மா போன் பண்ணாங்க. நேரா எனக்கே."

ரோட்டுல நிக்கறான் போல, பஸ் ஹாரன் கேக்குது. அப்புறம், "உன் நல்லதுக்குத்தான் கோதை"ன்னான், அதுவும் பாதியில நின்னுடுச்சு. கத்தணும்னுதான் இருந்தேன். கத்தலை, ஆனா ஒரு வார்த்தையும் குறைக்கலை. "என் பிள்ளையை அழ வெச்சுட்டியேண்ணா நீ. அதை நான் லேசுல விடமாட்டேன், ஆறு மாசம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு வெச்சுக்கோ, ஆனா கல்யாணத்துக்கு நீ வரணும். சீர்த்தட்டை நீதான் தூக்கிட்டு வரணும், முன்வரிசையில நீதான் நிக்கணும். உன் தங்கச்சி என்ன பண்றான்னு எவனாவது கேட்டா, நான் சொல்லமாட்டேன், சிந்து சொல்லமாட்டா, நீ சொல்லணும். உன் வாயால."

"என்னன்னு சொல்லச் சொல்றே?" குரல் உசந்துச்சு, அந்தப் பழைய தெருவுல நிக்கற குரல். "அந்த மனுஷனுக்குப் பொறந்துட்டு, அவரைத் தோள்ல தூக்கிச் சுமந்துட்டு, என் தங்கச்சியும் தினம் அதையேதான் வாயில ஊத்திக்கறான்னா சொல்லச் சொல்றே?"

"அப்பா முழுங்கினதை எல்லாம் இவ துப்பிக்கிட்டிருக்கான்னு சொல்லு."

அவன் போனை வைக்கலை. நானும் வைக்கலை.